சாஷிகோ தையல்: துணி, நூல், கட்டம், நான்கு வடிவங்கள்

ஜப்பானியக் கைத்தையல் கலையான சாஷிகோவில் இருப்பது ஒரே தையல்தான். ஊசி மேலே வந்து, கீழே போய், மறுபடி மேலே வரும் சாதாரண ஓட்டுத்தையல். சங்கிலித் தையல், காஷ்மீர் தையல், முடிச்சுத் தையல் எதுவும் கிடையாது. அதனால் எளிது என்று உட்காருபவர்களின் முதல் துணி பெரும்பாலும் பொரித்த அப்பளம் போல நெளிந்து நிற்கும். தையல் சிறிதாக, அழகாக விழவில்லையே என்று அவர்கள் கவலைப்படுவார்கள். கோளாறு அதில் இல்லை. நூல் இறுகியிருக்கிறது. சாஷிகோவில் பழக வேண்டிய முதல் விஷயம் நூலைத் தளர விடுவது. கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் இதைத் தொட்டுத்தான் போகும்.

எங்கிருந்து வந்தது

ஜப்பான் வரலாற்றில் ‘எதோ’ என்று பெயர் பெற்ற காலத்தில் (1603–1868) வடக்கு ஜப்பானின் விவசாயக் குடும்பங்களில் இது வேரூன்றியது. அங்குள்ள குளிரில் பருத்தி விளையாது. கஞ்சா இனத்தைச் சேர்ந்த அசா என்னும் நார்ச்செடியிலிருந்து நெய்த துணிதான் உடுப்பு. அதன் நெசவு இடைவெளி விட்டது, குளிர்காற்று உள்ளே புகும். இன்றைய ஆவொமொரி பகுதியில் இருந்த ட்சுகாரு ஆட்சி, விவசாயிகள் பருத்தி ஆடை அணிவதை 1724இல் தடை செய்தது. துணியாக உடுத்த முடியாத பருத்தியை நூலாக வைத்துத் தைத்தார்கள். நெசவின் ஓட்டைகள் அடைபட்டன, துணி தடித்தது, தோள்பட்டை தேயாமல் நின்றது. மேற்குக் கரையோரம் ஓடிய கித்தமாயேபுனே சரக்குக் கப்பல்கள் தெற்கிலிருந்து பழைய பருத்தித் துணிகளைக் கொண்டுவந்தன. மூன்று அசுகிப் பயறைப் பொதிய முடிகிற துண்டு என்றால் அதைத் தூக்கி எறியாதே என்பது அந்த ஊர்ப் பேச்சு.

மூன்று வட்டாரப் பாணிகள் பெயர் பெற்றவை. ட்சுகாருவின் கொகின், ஆவொமொரியின் கிழக்குப் பக்கமான நம்புவின் ஹிஷிசாஷி, யமகத்தா மாவட்டத்துச் ஷோனாய் சாஷிகோ. முதல் இரண்டும் துணியின் இழைகளை எண்ணித் தைப்பவை. கொகினில் ஒற்றைப்படை எண்ணிக்கை, ஹிஷிசாஷியில் இரட்டைப்படை. நகரத்துத் தீயணைப்பு வீரர்களின் மேலங்கியும் சாஷிகோதான். பல அடுக்குத் துணியை நெருக்கித் தைத்து, தண்ணீரில் நனைத்து அணிந்துகொண்டு தீக்குள் போனார்கள். அடுக்குகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த வழிகாட்டி இழை எண்ணாத, கோடு வரைந்து தைக்கும் இரண்டு வகைகளைப் பற்றியது. கோட்டின் மேல் தையல் ஓடும் மொயோசாஷி ஒன்று. கட்டத்துக்கு ஒரு தையல் விழும் ஹிதோமேசாஷி இன்னொன்று.

துணியும் நூலும்

சாதாரண நெசவுப் பருத்தி வேண்டும். பாவும் ஊடையும் கண்ணுக்குத் தெரிகிற அளவு தளர்வாக இருந்தால் நல்லது. ஜப்பானில் முதல் துணிக்குச் சராஷி என்னும் வெளுத்த பருத்தியை எடுப்பார்கள். அது சுமார் 34 செ.மீ. அகலத்தில் வரும். அது கிடைக்காத இடத்தில் காடாத் துணி, மெல்லிய கதர், கைத்தறிப் பருத்தி ஆகியவை நன்றாக வேலை செய்யும். பாப்ளினையும் படுக்கை விரிப்புத் துணியையும் தவிர்க்கவும். அவற்றின் நெசவு மிக நெருக்கம். தடித்த நூலை ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டி இழுக்க வேண்டிவரும், நூல் உரசிப் பிசிராகும், இழுத்த வேகத்தில் தையலும் இறுகும். பாலியஸ்டர் கலந்த துணி வழுக்கும், நூலைப் பிடித்து நிறுத்தாது.

சாஷிகோ நூல் பல இழைப் பருத்தி, லேசான முறுக்கு, பளபளப்பு இல்லை. ஒலிம்பஸ் கம்பெனியின் 20 மீட்டர் சிட்டம் பரவலாகக் கிடைக்கிறது. அது இல்லையென்றால் 8ஆம் எண் பெர்ல் காட்டன் எடுக்கலாம். கொஞ்சம் மினுங்கும், அவ்வளவுதான். ஆறு இழை எம்பிராய்டரி நூல் இதற்கு அவ்வளவாக ஒத்துவராது. இழைகளைச் சேர்த்து வைக்க முறுக்கு இல்லாததால், தளர விட்ட இடத்தில் அவை தனித்தனியாகப் பிரிந்து தொங்கும்.

சிட்டத்தை விரித்துப் பெரிய வளையமாக்கி, முடிச்சு இருக்கும் இடத்தில் எல்லா இழைகளையும் ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஒரே நீளத்தில் நூல்கள் கிடைக்கும். தளர்வாகச் சடை பின்னி வைத்துக்கொண்டு, வேண்டும்போது தலைப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவலாம். பழகும் வரை 70 செ.மீ.க்கு மேல் நீளம் வேண்டாம்.

ஊசி நீளமாகவும் விறைப்பாகவும், காது பெரிதாகவும், முனை கூராகவும் இருக்க வேண்டும். நேர்கோட்டுக்கு 5 செ.மீ. ஊசி, வளைவுக்கு அதைவிடக் குட்டையானது. அங்குஸ்தான் விரல் நுனியில் மாட்டுவது அல்ல. நடுவிரலின் அடியில் மோதிரமாக ஏறி, உள்ளங்கைப் பக்கம் ஒரு சிறு தட்டு நிற்கும் வகை அது. ஊசியின் காதுப் பக்கம் அந்தத் தட்டில் முட்டும். கிடைக்காவிட்டால் தடித்த தோல் துண்டை ரப்பர் வளையத்தால் அங்கே கட்டிக்கொள்ளலாம். எம்பிராய்டரி வளையம் வேண்டாம். துணியை இறுக்கி வைத்தால் சாஷிகோ முறையில் தைக்கவே முடியாது.

துணியைத் தயார் செய்தல்

முதல் வேலையாக ஒரு ஹானாஃபுகின் தையுங்கள். இரண்டு அடுக்குச் சராஷியில் தைத்த சதுர அடுப்படித் துணி அது. 34 செ.மீ. அகலம், 70 செ.மீ. நீளத் துண்டு போதும். முதலில் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். புதுப் பருத்தி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் நூல் ஒரு மாதிரியும் துணி ஒரு மாதிரியும் இழுத்துக்கொள்ளும். நீலச் சாயத் துணி என்றால் குளிர்ந்த தண்ணீரில், தண்ணீர் தெளியும் வரை பலமுறை அலசவும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். அவுரிச் சாயத்தில் அது நடக்காது. ஒட்டாமல் மேலே நிற்கும் சாயத்தை அலசி வெளியேற்றுவதுதான் வழி.

துண்டைப் பாதியாக மடித்து, நல்ல பக்கம் உள்ளே இருக்க, ஓரத்தில் தையல் போட்டு, ஒரு பக்கம் 6 செ.மீ. விட்டுத் திருப்பவும். அந்த வாயை மூடித் தைத்தால் ஏறத்தாழ 33 செ.மீ. சதுரம் வரும்.

வரையும் கருவியைத் துணியின் ஒரு மூலையில் கட்டாயம் சோதிக்கவும். தண்ணீரில் போகும் நீல மை வெள்ளைத் துணிக்கு வசதி. ஆனால் அதைக் கழுவும் முன் இஸ்திரி போட்டால் கறை நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனா மை கடும் குளிரில் திரும்பத் தலைகாட்டும். காற்றில் தானே மறையும் மை பாதி வேலையில் கைவிடும். அடர்நீலத் துணிக்கு வெள்ளைத் தையல் பென்சில், அல்லது தண்ணீரில் போகும் வெள்ளைக் கார்பன் தாள்.

முதல் வடிவம்: மஸுசாஷி

அரிசி அளக்கும் சதுர மரப்பெட்டியின் பெயர் மஸு. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் வரும் வடிவம் இது. நேர்கோடு, மூலை, சந்திப்பு என மூன்றையும் ஒரே துணியில் பழகலாம்.

நான்கு பக்கமும் 4.5 செ.மீ. விட்டு, நடுவில் 24 செ.மீ. சதுரம் வரையவும். அதை 6 செ.மீ. கட்டங்களாகப் பிரித்தால் 16 பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் 4 செ.மீ. சதுரம், அதற்குள் 2 செ.மீ. சதுரம். கோடுகள் துணியின் இழையோடு ஒத்துப்போக வேண்டும். கால் செ.மீ. சாய்ந்தாலும் துவைத்த பிறகு சதுரம் கோணலாகத் தெரியும். தைக்க வேண்டிய கோட்டின் மொத்த நீளம் 6.24 மீட்டர். மடிப்பு, தாவல், வால்நூல் எல்லாம் சேர்த்துச் சுமார் 9 மீட்டர் நூல் ஆகும். ஒரு சிட்டமே மிஞ்சும்.

தையலின் அளவு மேலே 3 மி.மீ., அடியில் 2 மி.மீ. மேல் தையல் அரிசி மணி அளவு என்று சொல்வது வழக்கம். 3 மி.மீ. வரவில்லை, 4 வருகிறது என்றால் 4ஆகவே போங்கள். அளவைவிட ஒரே சீராக இருப்பதுதான் கண்ணுக்குப் படும்.

தொடங்கும்போது முடிச்சு வேண்டாம். மூன்று தையல் தூரம் உள்ளே தள்ளி, ஊசியை இரண்டு அடுக்குகளுக்கும் இடையே விட்டு மேலே எடுங்கள். அங்கிருந்து தொடக்கப் புள்ளியை நோக்கி மூன்று தையல், பிறகு திரும்பி அதே ஓட்டைகளின் வழியாக அந்த மூன்றின் மேலேயே தைத்து முன்னே போகவும். அந்த மூன்று தையல் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும், அது குறை இல்லை. முடிப்பதும் இப்படியே.

ஊசி பிடிக்கும் விதம் வேறு. வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசி முனைக்கு அருகில் பிடிக்கின்றன. காதுப் பக்கம் உள்ளங்கைத் தட்டில் முட்டி நிற்கிறது. ஊசி ஏறக்குறைய அசையாது. இடது கை துணியை மேலும் கீழும் ஆட்டி ஊசியின் மேல் ஏற்றுகிறது. நான்கைந்து தையல் ஊசியில் சேர்ந்ததும் மொத்தமாக உருவுங்கள். ஒவ்வொரு தையலாகக் குத்தி இழுத்தால் கோடு நேராக வராது. ஊசியில் சேர்ந்து நிற்கும் தையல்கள் ஒன்றையொன்று நேராக்குகின்றன.

உருவியதும் நீவ வேண்டும். தைத்த கோட்டின் தொடக்கத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்தக் கோட்டை வைத்து நூல் முனை நோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். அதிகமாக இழுபட்ட நூல் துணிக்குள் திரும்பப் போகும். 15 செ.மீ.க்கு ஒருமுறை நீவினால் போதும். சரியாக நீவினோமா என்று சந்தேகம் வந்தால் அளவுகோலை வையுங்கள். 24 செ.மீ. கோடு தைத்த பிறகும் 24 செ.மீ. இருக்க வேண்டும். 23.5 என்றால் நூல் இறுக்கம். உடனே நீவினால் சரியாகும், அடுத்த கோடுகள் குறுக்கே போன பிறகு சரிசெய்ய முடியாது.

முதலில் நீளக் கோடுகள். ஐந்து செங்குத்து, ஐந்து கிடை. இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் தையலும் தையலும் மேலே ஏறிக்கொள்ளக் கூடாது. சந்திப்பு இடைவெளியில் விழ வேண்டும். 3க்கு 2 என்ற அளவில் ஒரு தையலும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 5 மி.மீ. அதனால் 6 செ.மீ.யில் சரியாக 12 தையல் வரும். சந்திப்பிலிருந்து 1 மி.மீ. தள்ளி முதல் தையலைத் தொடங்குங்கள். பன்னிரண்டாவது தையல் அடுத்த சந்திப்புக்கு 1 மி.மீ. முன்னால் முடியும். ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு தையல் முனைகள் ஒரு சிறு வெற்றிடத்தைச் சுற்றி நிற்கும். துணியைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் வரிசையாகப் புள்ளி வைத்த மாதிரி இந்த வெற்றிடங்கள்தான் முதலில் தெரியும். 3 செ.மீ.யில் ஒரு குறி வைத்துக்கொண்டு, அதுவரை 6 தையல் என்று எண்ணினால் பிசகாது. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போக 6 செ.மீ. இருக்கிறது. நூலைப் பின்னால் தொங்க விடாமல், இரண்டு அடுக்குகளுக்கு இடையே ஊசியை ஓட்டிக் கடக்கவும்.

அடுத்து உள் சதுரங்கள். ஒரு பக்கத்தை 2 மி.மீ. இடைவெளியில் தொடங்கி, கடைசித் தையல் நேராக மூலைக்குள் இறங்கும்படி முடிக்கவும். 4 செ.மீ. பக்கத்துக்கு 8 தையல், 2 செ.மீ. பக்கத்துக்கு 4. மூலைக்கு முன்னாலேயே தையல் முடிந்தால் சதுரம் உருண்டையாகத் தெரியும். திரும்பும்போது பின்பக்கம் 3 மி.மீ. அளவு நூலைத் தளர விடுங்கள். மூலையில் விட்ட இந்தத் தளர்வுதான் துவைக்கும்போது துணி சுருங்காமல் காக்கும். பெரிய சதுரத்திலிருந்து சிறியதற்கு 1 செ.மீ., அடுத்த பெட்டியின் சதுரத்துக்கு 2 செ.மீ. தாவல். 2 செ.மீ. வரை பின்னால் தாவலாம். அதைத் தாண்டினால் வெட்டி முடிப்பது நல்லது, இல்லையேல் பாத்திரம் துடைக்கும்போது மாட்டும்.

என்ன தவறு நடக்கும்

துணி நெளிந்தால் காரணம் இறுக்கம். இஸ்திரியால் தீராது. நூல் பிசிராகி மெலிந்தால் நூல் நீளம் அதிகம், அல்லது ஊசி மெலிது. தடித்த ஊசி ஓட்டையைப் பெரிதாக்கி நூலை உரசாமல் போக விடும். நூல் முறுக்கிக்கொண்டு சுருண்டால் ஊசியைத் தொங்கவிட்டுச் சுழல விடுங்கள். மேல் தையல் ஒன்று பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் வந்தால், துணியை ஆட்டாமல் ஊசியை ஆட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு அடுக்கில் பின்பக்கத் தையல் மிகச் சிறிதாகிறது என்றால் ஊசி சாய்ந்து நுழைகிறது. செங்குத்தாக ஏற்றவும். வெள்ளை நூல் நீலமானால் துணியைப் போதுமான அளவு அலசவில்லை.

இரண்டாவது: ஷிப்போ

ஒன்றோடொன்று பின்னிய வட்டங்கள். 2 செ.மீ. கட்டம் வரைந்து, ஒன்று விட்டு ஒரு சந்திப்பை மையமாக வைத்து (சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்கள் இருக்கும் ஒழுங்கில்) 4 செ.மீ. விட்டமுள்ள வட்டம் போடவும். அட்டையில் வெட்டிய ஒரு வட்டம் போதும்.

ஒவ்வொரு வட்டத்தையும் தனித்தனியாகத் தைப்பது வீண் வேலை. ஒரு வரிசையை அலையாகத் தையுங்கள். முதல் வட்டத்தின் மேல் பாதி, அடுத்ததன் கீழ்ப் பாதி, அதற்கடுத்ததன் மேல் பாதி. கடைசியில் திரும்பி வரும்போது விட்டுப்போன பாதிகள். நூல் துண்டாகாது. அரை வட்டத்தின் நீளம் 6.28 செ.மீ., ஆக 12 தையல், கால் வட்டத்துக்கு 6. நான்கு வட்டங்கள் தொடும் புள்ளியில் இடைவெளி விழ வேண்டும். வளைவில் ஊசியில் இரண்டு, மூன்று தையலுக்கு மேல் ஏற்றாதீர்கள், வளைவு மழுங்கும். ஒவ்வொரு கால் வட்டத்துக்கும் ஒருமுறை நீவவும். வளைவில் இழை சாய்ந்து போவதால் துணி எளிதாக இழுபடும், ஆகவே நேர்கோட்டைவிட இங்கே மெதுவாக நீவுங்கள்.

மூன்றாவது: அசனோஹா

அசா இலை. அந்தச் செடி நேராக, வேகமாக வளரும் என்பதால் குழந்தைகளின் உடையில் இதைத் தைப்பார்கள். பார்க்கச் சிக்கலாகத் தெரியும், வரைவது எளிது.

அகலம் 3.5 செ.மீ., உயரம் 2 செ.மீ. உள்ள செவ்வகக் கட்டங்களை வரையவும். செங்குத்துக் கோடுகள் மட்டுமே தைப்பதற்கு, கிடைக்கோடுகள் வெறும் துணைக்கோடுகள். இடது ஓரத்து முதல் சந்திப்பிலிருந்து தொடங்கி, கட்டங்களின் மூலைக்கு மூலை சாய்கோடு போட்டுக்கொண்டே போங்கள். இரண்டு திசையிலும் போட்டால் முக்கோணங்கள் கிடைக்கும். சாய்கோடுகள் வந்து சேரும் சந்திப்புகள்தான் உச்சிகள். ஒரு செங்குத்துக் கோட்டில் அவை ஒன்று விட்டு ஒன்றாக, 4 செ.மீ.க்கு ஒன்று வரும். அடுத்த கோட்டில் 2 செ.மீ. தள்ளி வரும். இனி உச்சி இல்லாத சந்திப்பு ஒவ்வொன்றிலிருந்தும் இரு பக்கமும் 1.2 செ.மீ. தள்ளிப் புள்ளி வையுங்கள். அவை முக்கோணங்களின் நடுப்புள்ளிகள். ஒவ்வொரு நடுப்புள்ளியையும் தன் முக்கோணத்தின் மூன்று உச்சிகளோடும் இணைத்தால் இலை முடிந்தது.

தைக்கும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் செங்குத்துக் கோடுகள் எல்லாம், பிறகு ஒரு திசைச் சாய்கோடுகள், பிறகு மறு திசை. அடுத்து ஒவ்வொரு செங்குத்துக் கோட்டின் இரு பக்கமும் உச்சி, நடுப்புள்ளி, உச்சி என மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து ஓடும் கோடு. கடைசியாக மிஞ்சுவது உச்சியின் ஊடாகப் போகும் குறுங்கிடைகள். ஒவ்வொன்றும் சுமார் 4.6 செ.மீ., நடுவே 2.3 செ.மீ. தாவல். இரண்டு அடுக்கு என்றால் உள்ளே ஒளித்துக் கடக்கவும்.

ஓர் உச்சியில் 12 கோடுகள் கூடுகின்றன. எல்லாத் தையலையும் மையப் புள்ளிக்கே கொண்டுபோனால் அங்கே ஒரு கட்டி எழும், துணியும் கிழியும். ஒவ்வொரு கோட்டையும் மையத்துக்கு 1.5 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். நடுவில் ஒரு சிறு வட்டத் துணி திறந்து நிற்கும். கைதேர்ந்தவர்களின் துணியில் இந்த வட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும்.

நான்காவது: ஹிதோமேசாஷி

இதில் வரைய வேண்டியது 5 மி.மீ. கட்டம் மட்டும். மேலே ஒரு கட்டம், அடியில் ஒரு கட்டம். 3க்கு 2 கணக்கு இங்கே இல்லை. கிடை வரிசைகளை முழுவதும் முடித்துவிட்டு, பிறகு செங்குத்து வரிசைகள். 15 செ.மீ. சதுர மாதிரிக்கு இரு திசையிலும் 31 வரிசைகள்.

ஒரு வரிசையை மேல் தையலில் தொடங்குவதா, அடித் தையலில் தொடங்குவதா என்பது மட்டுமே உங்கள் முடிவு. கிடையிலும் செங்குத்திலும் எல்லா வரிசையையும் மேல் தையலிலேயே தொடங்கினால் தனித்தனிக் குட்டிச் சதுரங்கள் வரும். இரண்டு திசையிலும் ஒன்று விட்டு ஒன்று மாற்றித் தொடங்கினால் படிக்கட்டுகள் குறுக்கே ஓடும், தான்ட்சுனாகி என்று பெயர். தையலின் நடுப்புள்ளி கட்டச் சந்திப்பில் விழும்படி வைத்தால் கூட்டல் குறிகள் கிடைக்கும், அது ஜூஜிசாஷி. அதில் சாய்வுத் தையல்களையும் சேர்த்தால் கொமேசாஷி. கிடை வரிசைகளைத் தைக்கும்போது எந்த வடிவமும் புலப்படாது, தப்பு செய்தாலும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் மேல் அல்லது கீழ் என்று பென்சிலால் குறித்துவைத்துத் தொடங்குங்கள். செங்குத்து வரிசையில், ஏற்கெனவே உள்ள நூலைக் குத்திப் பிளக்காமல் அதன் பக்கத்து ஓட்டையில் ஊசியை இறக்கவும்.

ஒரு வரிசை முடிந்து அடுத்ததற்குத் திரும்பும் ஓரத்தில் நூல் இறுகினால் சதுரமே பீப்பாய் வடிவாகிவிடும். திரும்பும் இடத்தில் 3 மி.மீ. வளையம் விட்டுச் செல்லவும்.

முடிந்த துணியைக் குளிர்ந்த நீரில் அலசி, கோடு முழுக்கப் போன பிறகு மட்டும் சோப்பு போடவும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, கையால் நீவிச் சதுரமாக்கிப் பரப்பிக் காயவிடுங்கள். இஸ்திரியைப் பின்பக்கமாக, அடியில் ஒரு துவாலை போட்டுத்தான் வைக்க வேண்டும். நல்ல பக்கத்தில் அழுத்தினால் தையல் தட்டையாகிப் புடைப்பு போய்விடும்.